மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறிய ஞாயிறு

ஆசீர்,

நீ கடல் தாண்டி சபா மாநிலத்துக்குப் புறப்பட இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. உன் பெட்டியில் துணிக்கு இடமில்லாமல் ஸ்பானர்களும் தண்ணீர் சோதிக்கும் குப்பிகளும் நிறைந்து கிடப்பதைப் பார்த்து, உன் அம்மா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் பழைய வழக்கத்தில் உனக்கு உபதேசம் பண்ண ஆரம்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இங்கே சிலிபினில் இருக்கும் நம் லுத்தரன் கோயிலின் செயலாளராக எத்தனையோ வருடம் கூட்டக் குறிப்பு எழுதிய கை இது. பெற்ற மகனுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. விமானத்தில் படி. இப்போது படித்தால் நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நீ பிறந்த கதை உனக்குத் தெரியும். நான் அதைச் சபையில் எத்தனை முறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். தைப்பிங்கில் மழை கொட்டிய ஒரு மதியம், பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர், தாய் பிள்ளை இருவருக்குமே கஷ்டம் என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். நான் நடைக்கூடத்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ரெண்டு பேரையும் எனக்குக் கொடுத்திடும். பிள்ளைய உமக்குப் போதகரா கொடுத்திடுறேன்" என்று பொருத்தனை பண்ணினேன். நீங்கள் இருவரும் பிழைத்தீர்கள். அன்றிலிருந்து நீ என் பிள்ளை என்பதைவிட என் பொருத்தனையாகவே எனக்குத் தெரிந்தாய். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகன் நான். மாதம் ஒரு முறை வெள்ளை அங்கியோடு வரும் போதகரைத் தவிர, எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து எங்களைப் பெயர் சொல்லி அழைத்த பெரிய மனிதர் வேறு யாருமில்லை. அந்த அங்கியில் உன்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதில் பக்தி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நீயும் எனக்காகவே போனாய். இறையியல் கல்லூரிக்கு உன்னைப் பஸ் ஏற்றிவிட்ட நாளில் சபையே வந்திருந்தது. இரண்டாம் வருடம் பாதியில் நீ ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாய். "அப்பா, எனக்கு விசுவாசம் போகல. ஆஸ்பத்திரில வார்டுக்கு வார்டு போய் ஜெபம் பண்ணச் சொல்றாங்க, பண்றேன். ஆனா என் கண்ணு கட்டில் பக்கத்துல நிக்கிற மிஷின் மேலதான் போகுது. அது ஏன் நின்னுச்சு, எப்படிச் சரி பண்றதுன்னுதான் மனசு ஓடுது. என் கைக்கு வேற வேலை இருக்குப்பா" என்றாய். எவ்வளவு தெளிவாகச் சொன்னாய். நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பொருத்தனையை முறித்தவன் என்று மட்டும்தான் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். நீ தண்ணீர் சுத்திகரிப்பு வேலை படித்து, டயாலிசிஸ் நிலையத்தில் சேர்ந்தாய். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் "ஆஸ்பத்திரி சைடுல இருக்கான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. எல்லாவற்றையும்விட, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பங்கள் கேட்கும் நேரத்தில், நீ பின்வரிசையில் இருப்பது தெரிந்தே எழுந்து, "கர்த்தருடைய அழைப்பை விட்டு ஓடிப்போன ஒரு மகனுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். கோயிலே திரும்பி உன்னைப் பார்த்தது. நீ தலையைக் குனிந்து எங்களோடு சேர்ந்து உனக்காகவே ஜெபித்தாய். அன்று நான் மண்டியிட்டிருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அது ஜெபமில்லை, ஆசீர். ஜெபத்தின் பெயரில் உன்னை அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, தலையில் வைத்த பூவைக்கூட எடுக்காமல், என் எதிரே வந்து நின்றாள். "நேந்துவிட அவன் என்ன கெடாவா? சாமி உங்ககிட்ட பிள்ளையக் கேட்டாரா? நீங்களா போய்ப் பேரம் பேசிட்டு வந்து, இப்ப அவன் கடன் கட்டலைன்னு ஊர்ல சொல்லுறீங்க" என்றாள். நான் போதகரிடம் போய் முறையிட்டேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, கிருபை சும்மா கிடைக்குதுன்னு வாராவாரம் நான் கத்துறேன். நீங்க முதல் வரிசைல உக்காந்து ஆமென் சொல்றீங்க. உங்க மகன் மட்டும் எப்படி வெலைக்கு வந்தான்?" என்றார். நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். பல வருடம் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தன. அதைப் புரிந்துகொள்ள என் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போக வேண்டியிருந்தது.

சர்க்கரை வியாதி அதன் வேலையைக் காட்டியது. நான் ஓட்டிவந்த பள்ளிப் பேருந்தின் சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம், நீ வேலை செய்யும் அதே நிலையத்தின் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் ஆளானேன். எந்த வேலையைச் சொல்ல வெட்கப்பட்டேனோ அதே வேலையால்தான் என் ரத்தம் சுத்தமானது. நீ ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. காலையில் தண்ணீரைச் சோதித்துவிட்டு வந்து, என் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "குளிருதாப்பா?" என்று மட்டும் கேட்பாய். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவ்வளவுதான் நம் பேச்சு.

பிறகு அந்த ஞாயிறு. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ மேல்மாடியில் இருந்தாய். கீழே நடந்ததை நான்தான் பார்த்தேன். சாலை வேலையில் பெரிய குழாய் உடைந்து, வெள்ளிக்கிழமையே ஊரில் பாதிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. சனிக்கிழமை மதியம் நிலையத்தின் தொட்டி வற்றியது. அன்று மாலை மிஷினில் ஏற வேண்டிய பன்னிரண்டு பேரை, நான் உட்பட, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவசர நோயாளிகளுக்கே இடமில்லை. ஞாயிறு காலை எனக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. இருந்தாலும் சட்டை மாற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். ராத்திரி வீட்டுக்கே வராத உன்மேல் எனக்குக் கோபம். "ஓய்வுநாள்ல கோயில் இல்லாம என்ன வேலை அவனுக்கு" என்று காரில் முனகினேன். உன் அம்மா முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேத வாசிப்பு முடிந்து, போதகர் பிரசங்க மேடை ஏறினார். உன் அம்மாவின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. வந்த செய்தியைப் படித்தவள் எழுந்து, நடுவழியே நேராகப் பலிபீடத்தை நோக்கி நடந்தாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து, "ஆராதனை முடியட்டும், உக்காரு" என்றேன். என் கையை உதறிவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாஸ்டர், மன்னிச்சிடுங்க. ஆசீர் அனுப்பியிருக்கான். தண்ணி லோரி வந்திருச்சு. ஆனா மேல ஏத்துற பம்ப் எரிஞ்சு போச்சு. இன்னைக்குக் கடை எதுவும் தொறக்கல. லோரிக்காரரு ரெண்டு மணிக்குப் போயாகணுமாம், வேற எடத்துக்கும் கொடுக்கணும்லா. தொட்டி மூணாவது மாடியில இருக்கு. ஆள் வேணுமாம். பன்னெண்டு பேரு காத்திருக்காங்க. எங்க வீட்டுக்காரரும் அதுல ஒரு ஆளு."

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். பிரசங்கத் தாள்களை மடித்து அங்கிக்குள் வைத்தார். "அப்ப பிரசங்கத்த அங்க போய் முடிச்சுக்கலாம். முட்டி வலி உள்ளவங்க மட்டும் இங்க இருந்து ஜெபம் பண்ணுங்க. மத்தவங்க வாங்க, போலாம்" என்றார். முட்டி வலி உள்ளவர்களும் வந்தார்கள்.

நிலையத்து வாசலில் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், படிக்கட்டுக்கு எதிராக உட்கார வைத்தார்கள். அது எவ்வளவு குறுகலான படிக்கட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் காப்பிக்கடையின் சீன முதலாளி தவுக்கே புதிதாக வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் கலன்களையெல்லாம் கொண்டுவந்து இறக்கினார். நீ ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, கழுவி, அதன் பிறகுதான் உள்ளே விட்டுவிட்டு மேலே ஏறினாய். லோரியிலிருந்து வாசல், வாசலிலிருந்து படி, படியிலிருந்து மேல்மாடி என்று ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பட்டுச்சேலை கட்டிய பாடகர் குழுப் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். என்னோடு பத்து வருடம் பேசாத கோயிலின் முன்னாள் பொருளாளர், எனக்கு நேர் எதிரே இரண்டாம் படியில் நின்று, என் உயிருக்கான தண்ணீரைக் கை மாற்றினார். காத்திருந்த நோயாளிகளின் பிள்ளைகள், இந்துக்கள், சீனர்கள், ஒரு மலாய் மருமகன், எல்லாரும் இடையிடையே சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு கீர்த்தனையை ஆரம்பித்தார்கள். கலன் ஏறும் தாளத்துக்கு அது தானாகப் பொருந்திக்கொண்டது. போதகர் அங்கியைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, முதல் திருப்பத்தில் நின்றார். நான் வாழ்நாளெல்லாம் உனக்கு ஆசைப்பட்ட வெள்ளை அங்கி. கலன் தண்ணீர் பட்டு நனைந்து கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை, ஆசீர். படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குச் சற்று முன்பே தொட்டி நிறைந்தது. கை தட்டினார்கள். எல்லாரும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். நீ இறங்கிவந்து, கையில் இருந்த சின்னக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆரம்பிக்க முடியாது" என்றாய். லோரித் தண்ணீரில் குளோரின் அதிகமாம். வடிகட்டி அதை எடுத்து முடிக்கும்வரை மிஷினுக்குள் விட்டால் ரத்த அணுக்கள் உடைந்துபோகுமாம். ஒரு நோயாளியின் மகன் கத்தினான். "எங்கம்மாவுக்கு மூச்சு திணறுது. இத்தன பேரு தூக்கிக் கொண்டாந்தாங்க. போதும்லா, ஆரம்பி." நானும் சொன்னேன். அதையும் நீ கேட்டாய். "போதும்டா, ஆரம்பி" என்றேன். எனக்குப் பயம்.

நீ என்னைத்தான் பார்த்தாய். சத்தம் போடவில்லை. "அப்பா, இந்தத் தண்ணி உங்க ரத்தத்த தொடப்போகுது. சரியில்லன்னா நான் சுவிட்ச் தட்டமாட்டேன். யார் சொன்னாலும் தட்டமாட்டேன். கொஞ்சம் பொறுங்க." சொல்லிவிட்டு அந்தக் கத்திய பையன் பக்கம் போய், அவன் அம்மாவின் நாற்காலி அருகே குந்தி உட்கார்ந்து, நர்ஸை அழைத்து ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னாய். பிறகு திரும்ப மேலே ஓடினாய். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ போதகர்களைக் கேட்டிருக்கிறேன். தேவபயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். யாரும் பார்க்காத ஒரு குழாய்க்குள் ஓடும் தண்ணீர் விஷயத்தில், பெற்ற தகப்பனுக்காகவும் விட்டுக்கொடுக்காத ஒருவன். நீ அழைப்பை விட்டு ஓடிப்போகவில்லை. அழைப்புக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாய். அது என் வீட்டில் நடந்தும் எனக்குத் தெரியாமல் போனது.

மூன்றாம் சோதனையில் குப்பி தெளிந்தது. நீ மாடியிலிருந்து "ஓக்கே, போலே, ஆரம்பிக்கலாம்" என்று குரல் கொடுத்ததும் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. அதிகமாக மூச்சுத் திணறியவர்கள் முதல் சுற்றில் ஏறினார்கள், நான் இரண்டாவதில். ஆறு ஆறு பேராக, பன்னிரண்டு பேரும் அன்றைக்கே ஏறி, பன்னிரண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போனோம். முதல் ஆறு பேரின் ரத்தம் ஓட ஆரம்பித்ததும், போதகர் வெளியே வந்து, நனைந்து நிற்கும் சபையைப் பார்த்து, காப்பிக்கடை வாசலிலேயே கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறி ஆராதனையை முடித்தார். தவுக்கே எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். முன்னாள் பொருளாளர் ஒரு கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டிய என் நிலைமை நினைவு வந்து, "அடடா, ரெண்டு வாய் மட்டும்" என்றார். பத்து வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

இன்னொன்றும் அன்று நடந்தது. நீ அறியாதது. எனக்கு ஊசி போட்ட நர்ஸ் ஃபரீடா, இரவில் என் முறை ஓடிக்கொண்டிருக்க, ஓய்ந்து உட்கார்ந்தபோது, "பாச்சே, என்னைத் தெரியலையா?" என்று மாமாவை அழைப்பதுபோல் மலாயில் கேட்டாள். அவள் சின்ன வயதில் என் பேருந்தில் பள்ளிக்குப் போனவளாம். அவளுடைய அம்மா நோயில் கிடந்த காலத்தில், தம்பிகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு அவள் ஓடிவரும்வரை நான் தினமும் பஸ்ஸை நிறுத்தி வைப்பேனாம். "மத்த பிள்ளைங்க சத்தம் போடுவாங்க. நீங்க ஹாரன்கூட அடிச்சதில்ல. அந்த அஞ்சு நிமிஷம் இல்லன்னா நான் படிச்சிருக்க மாட்டேன்" என்றாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. கோயில் கணக்கிலும் கூட்டக் குறிப்பிலும் நான் கடவுளுக்கு ஊழியம் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். பேருந்து வெறும் பிழைப்பு என்று நினைத்திருந்தேன். அவரோ என் பேருந்திலேயே ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறார். அழுகை வந்தது. கையில் ஊசி இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவளே துடைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஜெப விண்ணப்ப நேரத்தில் நான் எழுந்து சொன்னதை நீ கேட்டாய். "அன்னைக்கு இதே இடத்துல என் மகனைப் பத்தி நான் சொன்னது பொய். ஓடிப்போனது நான்தான். சபை என்னை மன்னிக்கணும், அவனும் மன்னிக்கணும்" என்றேன். நீ எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். திருவிருந்துக்கு நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டோம். அன்று மதியம் உன் தட்டிலிருந்த மீன் துண்டை நான் எடுத்துக்கொண்டேன். உன் அம்மா கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

இப்போது நீ சபாவின் உட்பகுதிக்குப் போகிறாய். மலைப்பாதையில் பல மணி நேரம் பயணம் செய்து ரத்தம் கழுவிக்கொண்டிருப்பவர்களுக்கு, அவர்கள் ஊரிலேயே நிலையம் வரப்போகிறது. அதற்கான தண்ணீரை நீ அமைக்கப்போகிறாய். உனக்குச் சொல்ல எனக்கிருப்பது கொஞ்சம்தான். கடவுளோடு பேரம் பேசாதே. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், நமக்கு மிச்சம் இருப்பது நன்றி சொல்வதும் பக்கத்தில் இருப்பவனைக் கவனிப்பதும்தான். அதே சமயம், உன் வேலையால் கடவுளிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்றும் நினைத்துவிடாதே. நான் கோயில் வேலையில் செய்த தப்பை நீ தண்ணீர் வேலையில் செய்யக்கூடும். ஒரு நாள் உன் சோதனையும் தவறலாம், உன் பம்பும் எரியலாம். அன்றைக்கும் நீ அவர் பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை அங்கே எந்த மொழியில் ஆராதனை நடந்தாலும் போய் உட்கார். புரியாவிட்டாலும் அப்பமும் திராட்சை ரசமும் கைக்கு வரும். பசித்தால் சாப்பிடு. மாகி மீ நூடுல்ஸை மட்டும் நம்பி இருக்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் முறை இல்லாத நாட்களில், புதிதாக வருகிறவர்களோடு கொஞ்சம் உட்கார்ந்து பேசச் சொல்லி நிலையத்தில் கேட்டிருந்தார்கள். போயிருந்தேன். செம்மோர் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், முப்பது வயதுகூட இருக்காது. ஊசியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கணவன் கெஞ்சியும் படுக்கமாட்டேன் என்று நின்றாள். நான் சட்டைக் கையை மடித்து, என் கை நரம்பில் ரத்தம் துடிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித் தொட்டாள். "உள்ள பூனை உறுமுற மாதிரி இருக்கு அங்கிள்" என்றாள். "பழகிடும்மா. நானும் பயந்தவன்தான்" என்றேன்.

அவள் அந்தக் குழாய்களையே பார்த்தாள். "இதுக்குள்ள ஓடுற தண்ணி நல்ல தண்ணியா அங்கிள்? யாரு பாக்குறாங்க?"

"என் மகன் பாக்குறாம்மா" என்றேன். "அவன் வேற ஊருக்குப் போறான், ஆனா இங்க வேலை செய்ற ரெண்டு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போறான். அவன் சரின்னு சொல்லாத தண்ணி இந்த வாசலத் தாண்டாது. தைரியமா படு."

அவள் படுத்தாள்.

அப்பா